பொம்மையின் மூட்டு தளர்ந்தால் எறிந்து விடுவதா?

ஜப்பான் நாட்டில், 1979-ம் ஆண்டு டெலிவிஷனில் "கன்டம்" என்ற சித்திரக் கதை ஒளிபரப்பானது. மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத எந்திர மனிதன் அந்தக் கதையில் வருகிறான்.

1980-ம் ஆண்டு ஜூலை மாதம், "பண்டாய்" கம்பெனி அந்த எந்திர மனிதனைப் பிளாஸ்டிக் பொம்மையாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 300 யென். கதையில் அவன் உயரம் 18 மீட்டர். பொம்மை அதில் 144-ல் ஒரு பங்கு. அதாவது 12½ சென்டிமீட்டர்.

இந்தப் பொம்மை முழுதாகக் கிடைப்பது இல்லை. பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும். கை, கால், தலை எல்லாவற்றையும் வாங்கியவரே பூட்ட வேண்டும். இன்று பல நாடுகளில் சிறுவர்களும் பெரியவர்களும் இதைப் பூட்டி மகிழ்கிறார்கள்.

தள்ளாடும் வீரன்

விளையாட விளையாட ஒரு தொல்லை வருகிறது. தூக்கிய கை தொங்கி விடுகிறது. இடுப்பு ஆடுகிறது. வாள் ஏந்தி நின்ற வீரன் குப்புற விழுகிறான்!

"மட்டமான சரக்கு" என்று சிலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். வேறு சிலர் மூட்டுக்குள் பசையை ஊற்றி, அசையாதபடி ஒட்டி விடுகிறார்கள்.

இரண்டுமே தவறு!

காரணம் என்ன?

பல மூட்டுகளில் ஒரு சிறு குண்டு இருக்கிறது. அது ஒரு குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்து சுழல்கிறது. அந்த இறுக்கம்தான் கையைத் தாங்குகிறது. திருப்பும்போதெல்லாம் பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்கிறது. பிடி போய் விடுகிறது.

புதுப் பொம்மை வாங்கினாலும் இதே கதைதான். அதுவும் ஒரு நாள் தேயும். தேய்ந்தது மிகச் சிறிய அளவு. அந்த அளவை மட்டும் திரும்பக் கொடுத்தால் போதும்.

வைத்தியம்

குண்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். குச்சியின் நுனியால் வெள்ளைப் பசையை அதன்மேல் மெல்லிசாகப் பூச வேண்டும். ஓர் இரவு காய விட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே குழிக்குள் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக் கொள்ளும்!

பிடி போதவில்லையா? இன்னொரு பூச்சு பூசலாம். அதிகமாகி விட்டதா? பசையை உரித்து எடுத்து விடலாம். இறுகிய மூட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்து போகும்.

"சூப்பர் குளூ" பூசுவோரும் உண்டு. அது உறுதியானது. ஆனால் விரலை ஒட்டி விடும். அதன் ஆவி கண்ணை எரிக்கும். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

யார் செய்வது?

பொம்மையைப் பூட்டிய பிள்ளையே பழுதும் பார்க்க வேண்டும். தாய், தந்தை பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால் போதும். கெட்டுப் போனதை எறிவதைப் பார்த்து வளரும் பிள்ளை, எறியத்தான் கற்றுக்கொள்ளும்.

துண்டுகளைக் கழற்றிய பிறகு, வெறும் பிளாஸ்டிக் சட்டம் மிஞ்சும். அதைக்கூட அந்தக் கம்பெனி 2021-ம் ஆண்டு ஜப்பானில் சேகரித்து, மறுபடி பயன்படுத்தத் தொடங்கியது. மிஞ்சிய சட்டத்துக்கே அந்த மதிப்பு என்றால், பிள்ளை தன் கையால் பூட்டிய பொம்மையைக் குப்பையில் போடலாமா?

ஒரு சொட்டுப் பசை, ஓர் இரவுப் பொறுமை. செலவு அவ்வளவுதான். மறுநாள் காலையில் வீரன் மீண்டும் எழுந்து நிற்பான்!