கடல் விலகி நிற்கும் நேரம்



இம்மாதம் ஒரு பயணத்தைக் குறித்து எழுதுகிறேன். "போதகர் சுற்றுலாவைப் பற்றி எழுதுவாரா?" என்று சிலர் எண்ணலாம். பல ஆண்டுகளாக நானும் அப்படியே எண்ணினேன். கூடாரம் போட்டுக் கடற்கரையில் தங்குவது உலகத்தார் செய்யும் காரியம். விசுவாசிகளுக்குக் கன்வென்ஷன் பந்தல் போதும் என்று பிரசங்கித்தும் இருக்கிறேன். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் என் எண்ணத்தைத் திருத்தின.

அங்கே கர்த்தர் தம்முடைய ஜனங்களுக்கு ஒரு கட்டளை கொடுக்கிறார். ஆண்டுதோறும் ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே வந்து, இலைதழைகளால் குடிசை போட்டு, அதில் குடும்பமாகத் தங்கி மகிழ்ந்திருக்க வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட நாட்களில் இஸ்ரவேலர் கூடாரங்களில் குடியிருந்ததைப் பின்வரும் சந்ததியார் அறியவேண்டும் என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம். வீட்டுக்குள் இருந்தபடியே சொன்னால் பிள்ளைகள் மறந்துபோவார்கள் என்று தேவன் அறிந்திருந்தார். நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் மறந்துபோயிருந்த இந்தப் பண்டிகையை மறுபடியும் ஆசரித்தார்கள். மொட்டை மாடியிலும் குடிசை போட்டார்கள். அன்றைக்கு உண்டான சந்தோஷம் மிகப் பெரிதாயிருந்தது என்று வேதம் சாட்சி சொல்லுகிறது.

பிரியமானவர்களே, நாமும் புறப்பட்டு வந்தவர்கள்தாம். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஒரு பெட்டியோடு ரயிலேறி மும்பைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நம் சபைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் ஒன்றாக வசிக்கிறோம். ஆனால் ஒருவரோடொருவர் பேசுகிறோமா? தகப்பன் முதல் லோக்கலில் போய்க் கடைசி லோக்கலில் வருகிறார். பிள்ளைகளின் கண்கள் கைபேசியில் இருக்கின்றன.

ஆகவே கடந்த டிசம்பர் விடுமுறையில், எங்கள் சபையின் ஒன்பது குடும்பங்கள் வியாழன் காலை புறப்பட்டுச் சனி மாலை திரும்பும்படி கொங்கண் கடற்கரைக்குப் போனோம். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டுப் போகும் எந்தப் பயணத்துக்கும் நான் உடன்படுவதில்லை. கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் அலிபாக். வாகனத்தோடு போகிறவர்களுக்கு 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து பெரிய ரோ-ரோ கப்பலும் உண்டு.

அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் கொலாபா கோட்டை நிற்கிறது. மும்பையிலுள்ள கொலாபா வேறு, இது வேறு. சத்ரபதி சிவாஜி காலத்துக் கடற்கோட்டை. சுற்றிலும் உப்பு நீர். உள்ளே நன்னீர்க் கிணறு! கடல் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து ஈர மணலில் நடந்தே கோட்டைக்குப் போகலாம். குதிரை வண்டிகளும் போகும். கடல் ஏறிவிட்டால் அதே இடத்தில் படகுதான் ஓடவேண்டும். மராட்டியர் ஏற்றத்தை 'பரதி' என்றும் வற்றத்தை 'ஓஹோட்டி' என்றும் சொல்லுகிறார்கள்.

தென்பாண்டிக் கடலோரத்தில் பிறந்த நம்மவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பை, அலிபாக் கரைகளிலோ, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறக்குறைய 5 மீட்டர் மட்டத்துக்கும் ஏறும். பின்பு நெடுந்தூரம் விலகிப்போகும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கடலுக்கு எல்லை குறித்து, அதன் அலைகளின் பெருமையை அடக்கினவர் நம் தேவன் (யோபு 38:8-11). அவர் குறித்த நேரத்துக்கு நாம்தான் கீழ்ப்படிய வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றை அறிக்கையிடுகிறேன். பிற்பகலில் கோட்டைக்குள் உட்கார்ந்து பாடி ஜெபித்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் ஒருவர் வந்து, "பரதி தொடங்கிவிட்டது, புறப்படுங்கள்" என்றார். "இன்னும் ஒரு பாட்டு" என்றேன் நான். ஆவியில் களிகூரும்போது கடிகாரத்தைப் பார்க்கலாமா என்ற பெருமை! நாங்கள் வெளியே வந்தபோது, போகையில் கணுக்கால் நனைந்த இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சிறு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டோம். நடுவழியில் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பெண்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதார்கள். கரையேறி ஒவ்வொரு தலையாக எண்ணி முடிக்கும்வரை என் இருதயம் என்னிடத்தில் இல்லை.

அந்தத் தண்ணீரில் நான் கண்ட ஒரு காட்சியை மறக்க முடியாது. எங்கள் சபையின் ஒரு சகோதரர் சர்க்கரை வியாதியால் கண் பார்வை மங்கினவர். அவருடைய 16 வயது மகன் பத்தாம் வகுப்பில் தவறினதிலிருந்து, இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. ஒரே அறையில் தாய் வழியாகவே செய்தி போகும், வரும். தண்ணீர் ஏறினபோது அந்த மகன் பின்னால் திரும்பி வந்தான். "அப்பா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க" என்றான். அவர் பிடித்துக்கொண்டார். கரை வந்த பிறகும் அவர் கை அங்கேயே இருந்தது.

இரவு, அலிபாக்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, காஷித் கடற்கரைக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் கூடாரங்களை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். வழியில் கோர்லை என்ற கிராமம். அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் போர்ச்சுகீசியம் கலந்த தங்கள் பழைய மொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். போர்ச்சுகீசியர் 1740-இல் அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டார்கள்; மொழி போகவில்லை. தாய் தகப்பன்மார் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வந்ததுதான் காரணம். நம் வீட்டில் விசுவாசமும் தமிழும் எத்தனை தலைமுறை நிற்கும்?

தோப்புக்காரர் அடுப்பில் கரிநெருப்பு மூட்டிக் கொடுத்தார். அயிலை மீனுக்கு மசாலா தடவிச் சகோதரிகள் சுட்டார்கள். கைபேசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டோம். யோவான் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார். அந்த 'கரிநெருப்பு' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இங்கே, மற்றொன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த முற்றத்தில் (யோவான் 18:18). விழுந்ததும் நெருப்பண்டையில், எழுந்ததும் நெருப்பண்டையில். கவனியுங்கள்: ஆண்டவர் முதலாவது சாப்பிடக் கொடுத்தார், அதற்குப் பின்புதான் கேள்வி கேட்டார். நாமோ பிள்ளைகள் வாசற்படியில் காலை வைக்குமுன்னே மதிப்பெண்ணைக் கேட்கிறோம்.

வாசித்து முடித்தபோது, நான் சொன்ன சகோதரர் முள் நீக்கிய ஒரு மீன் துண்டை மகனுடைய இலையில் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு அவர்கள் இருவரும் நெடுநேரம் நெருப்பண்டையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் என் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன்; தூக்கம் வரவில்லை. என் மகனுக்கு 11 வயதிருக்கையில், "அப்பா, ஒரு நாள் நாம ரெண்டு பேரும் கடலுக்குப் போலாமா?" என்று கேட்டான். அன்று உபவாச ஜெபம். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் வீட்டுக்கூட்டம். மூன்று முறை கேட்டான்; நான்காம் முறை கேட்கவில்லை. இன்று அவன் வேறொரு நகரத்தில் வேலை செய்கிறான். சனி இரவு வீடு திரும்பியதும் அவனை அழைத்து, அந்த நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. "எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றான். ஞாபகம் இருந்ததென்று அந்த மௌனத்திலேயே அறிந்துகொண்டேன்.

பெற்றோரே, பிள்ளைகள் நம்மோடு நடந்துவரும் வருஷங்கள் கடல் விலகி நிற்கும் நேரத்தைப்போன்றவை. அப்பொழுது அவர்களுடைய இருதயக் கோட்டைக்குக் கால்நடையாகவே போகலாம். பின்பு தண்ணீர் ஏறும். ஏறின பின்பும் தேவன் படகு அனுப்ப வல்லவர். ஆனால் நடந்துபோயிருக்கலாமே என்ற துக்கம் நமக்கு இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஃபணசாட் சரணாலயத்துக்குப் போனோம். ஜஞ்சிரா நவாபின் வேட்டைக்காடாக இருந்து, 1986-இல் சரணாலயமான கடலோரக் காடு அது. மகாராஷ்டிராவின் மாநில விலங்கான 'ஷேக்ரு' என்னும் பெரிய அணில் அங்கே வாழ்கிறது. 'காரம்பி' என்ற கொடியில் கை நீளத்துக்குக் காய்கள் தொங்கின. அதன் விதை கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்க வல்லதாம். "நம்மள மாதிரி" என்றாள் ஒரு சிறுமி. அதைவிட நல்ல பிரசங்கத்தை நான் அந்த மூன்று நாளில் செய்யவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள். கடன் வாங்கிப் போகாதிருங்கள்; அரிசியும் பருப்பும் கொண்டுபோனால் செலவு குறையும். ஏற்றவற்ற நேரத்தை முன்னதாக அறிந்து, உள்ளூர் மீனவர் சொல்லுக்குச் செவிகொடுங்கள். நான் செய்ததைச் செய்யாதிருங்கள். மழைக்காலத்தில் கடலில் இறங்கவே வேண்டாம். மழையில்லாத மாதத்திலும் கவனம் தேவை: 2016 பிப்ரவரி 1-இல், இதே கரையிலுள்ள முருட் கடற்கரையில், புனேயிலிருந்து வந்த கல்லூரி மாணவ மாணவியர் 14 பேர் மூழ்கி மரித்தார்கள். காட்டில் நெருப்பு மூட்டாதிருங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பூமி கர்த்தருடையது.

இவ்வளவு தூரம் போக வசதியில்லையா? நெகேமியாவின் காலத்து ஜனங்களைப்போல மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு பாய், ஒரு தூக்குச்சட்டி, ஒரு வேதபுத்தகம் போதும். நீங்கள் ஊரிலிருந்து எப்படி வந்தீர்கள், முதல் இரவு எங்கே படுத்தீர்கள், கர்த்தர் எப்படி நடத்தினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

நம் நடுவே கூடாரமிட்டு வாசம்பண்ண வந்த ஆண்டவர் உங்கள் குடும்பத்தின் நடுவிலும் தங்கி, தகப்பன்மாருடைய இருதயங்களைப் பிள்ளைகளிடத்திற்கும், பிள்ளைகளுடைய இருதயங்களைத் தகப்பன்மாரிடத்திற்கும் திருப்புவாராக. ஆமென்.