காலத்தை அளக்கும் சின்னஞ்சிறு சொற்கள்

நீண்ட ஆங்கிலச் சொற்களையெல்லாம் எழுத்துப் பிசகாமல் எழுதிவிடும் மாணவியர்கூட, ‘ஃபார்’, ‘சின்ஸ்’, ‘பை’, ‘அன்டில்’ என்னும் சின்னஞ்சிறு சொற்களின் முன் தயங்கி நின்றுவிடுகின்றனர். நடுக்கடலைக் கடந்து வந்தவர் கரையோர அலையில் தடுமாறுவது போன்றது இது. இவற்றை ஆங்கில இலக்கணத்தில் ‘பிரிப்பொசிஷன்’ என்பர். தமிழில் முன்னிடைச் சொல் எனலாம். அவற்றுள் காலத்தின் நீளத்தைக் காட்டுபவை பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல இவ்வாண்டு மலரில் முன்வந்துள்ளோம்.

“நான் மூன்று வருஷமாக இங்கே படிக்கிறேன்” என்று சொல்ல நினைக்கும் ஒரு மாணவி, “ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் திரீ இயர்ஸ்” என்கிறாள். உடனே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பு நியாயமானது அன்று என்பதே எங்கள் எண்ணம். அவள் அறியாமையால் அப்படிப் பேசவில்லை. தமிழின் ஒழுங்கைப் பின்பற்றியே பேசினாள். முன்பே தொடங்கி இன்றும் நடக்கும் செயலுக்குத் தமிழில் ‘படிக்கிறேன்’ என்னும் நிகழ்காலமே போதும். ஆங்கிலத்திலோ அது போதாது. “ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் திரீ இயர்ஸ்” என்றாக வேண்டும். மேலும், நாம் பெயருக்குப் பின்னே ‘ஆக’, ‘இருந்து’, ‘வரை’, ‘உள்’ என்று ஒட்டுகிறோம். ஆங்கிலேயர் முன்னே வைக்கின்றனர். நம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் இந்த வேறுபாட்டைத் திராவிட மொழிகளின் ஓர் அடையாளமாகவே எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் எப்படிக் கற்பது? ஒரு கேள்வி போதும். கையில் இருப்பது காலத்தின் முனையா, நீளமா? நங்கூரம் விழுந்த இடம் ஒன்று. கயிற்றின் நீளம் மற்றொன்று. தொடங்கிய முனையைச் சொன்னால் ‘சின்ஸ்’. நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’. தூத்துக்குடி 1974 முதல் பெருந்துறைமுகமாக விளங்குகிறது. இங்கே ‘சின்ஸ் 1974’. நம் கடலில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இங்கும் ‘சின்ஸ் 1961’. அந்நாளில் முத்துக்குளித்தவர் ஒரு நிமிடம் மூச்சடக்கி அடியில் இருந்தார். அது ‘ஃபார் எ மினிட்’. ‘இருந்து’ என்ற தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும் ‘ஃப்ரம்’ போடுவதும் உண்டு. “திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்” என்று வைத்தியரிடம் சொல்லும்போது காய்ச்சல் இன்னும் இருக்கிறதல்லவா? ஆகவே அது ‘சின்ஸ் மண்டே’.

நம் பனிமய மாதா திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 26-ஆம் நாள் கொடியேற்றம். ஆகஸ்டு 5-ஆம் நாள் பெருவிழா. ‘ஃப்ரம்’ ஜூலை 26 ‘டு’ ஆகஸ்டு 5 என்பது இரு முனைகளும் சேர்ந்தது. ‘ஃபார் இலெவன் டேஸ்’ என்பது நீளம். ‘டூரிங் த ஃபீஸ்ட்’ என்றால் எப்போது என்ற கேள்விக்கு விடை. எவ்வளவு நாள் என்பதற்கு விடை அன்று. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. படகைப் பழுது பார்ப்பது ‘டூரிங் த பேன்’. கடலுக்குப் போகாமல் இருப்பது ‘ஃபார் சிக்ஸ்டி ஒன் டேஸ்’. ‘டூரிங் சிக்ஸ்டி ஒன் டேஸ்’ என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை.

எல்லாப் பிழையும் ஒரே எடை உடையதன்று என்பதையும் சொல்ல விரும்புகிறோம். ‘சின்ஸ் திரீ இயர்ஸ்’ என்றால் காதுக்கு இடறுமே தவிரப் பொருள் கெடாது. ஆனால் ‘பை’ என்பதும் ‘அன்டில்’ என்பதும் இடம் மாறினால் காரியமே கெட்டுவிடும். “வெள்ளிக்கிழமை வரை சரக்கு ஏற்றலாம்” என்பது ‘அன்டில் ஃபிரைடே’. வேலை அதுவரை தொடரும். “வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வந்து சேர வேண்டும்” என்பது ‘பை ஃபிரைடே’. அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். துறைமுக நகரில் பிறந்த நாம் நாளை கப்பல் அலுவலகத்திலோ, ஏற்றுமதி நிறுவனத்திலோ கடிதம் எழுத நேரலாம். அப்போது ஒரு சிறு சொல்லால் சரக்கு கரையிலேயே தங்கிவிடும்.

‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ‘வித்தின் ஃபிரைடே’ என்று சொல்வதும் நம்மிடையே மிகுதி. தமிழின் ‘உள்’ ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. முனை என்றால் ‘பை’: ‘பை ஃபைவ் ஓ கிளாக்’. நீளம் என்றால் ‘வித்தின்’: ‘வித்தின் டூ அவர்ஸ்’. “இரண்டு நாள் கழித்துக் கப்பல் வரும்” என்பதை இன்றிலிருந்து எண்ணும்போது ‘இன் டூ டேஸ்’ என்பதே அவர்களுக்கு இயல்பு. சில இடங்களில் எந்தச் சொல்லும் வேண்டியதில்லை: ‘லாஸ்ட் இயர்’, ‘எவ்ரி சண்டே’, ‘ஆல் டே’. அங்கே ‘இன்’ என்றும் ‘ஆன்’ என்றும் சேர்ப்பது கறிக்கு இரண்டு முறை உப்பிடுவதாகும்.

வேற்றுமொழியில் தடுமாறுவது வெட்கத்துக்குரியதா? நம் கடற்கரையின் வரலாற்றையே கேட்போம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், இருமொழியும் அறிந்தோரின் துணையோடு செபங்களைத் தமிழில் அமைத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என வர வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற பொருள்படும் சொல் நுழைந்துவிட்டது. பிழை தெரிந்ததும் 1544-இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். அவர் தாழ்ந்துவிடவில்லை, செபம் செம்மையுற்றது. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கி, தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தை ஏணியாகக் கொண்டு தமிழ் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் உழைப்பின் கனியே. 1600-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இக்கரை மக்களோடு வாழ்ந்தார். தெரிந்த மொழியை அவர் மறக்கவில்லை. அதன்மேல் நின்று தெரியாத மொழியை எட்டிப் பிடித்தார்.

அதே வழிதான் நமக்கும் வேண்டும். சில பள்ளிகளில் தமிழில் பேசினால் அபராதம் வாங்குவதாகக் கேள்விப்படுகிறோம். அது ஆங்கிலத்தை வளர்க்காது. வாயை மூடவே கற்பிக்கும். ‘ஆக’ எது, ‘இருந்து’ எது, ‘வரை’ எது, ‘உள்’ எது என்று தமிழில் தெளிந்தவளுக்கே ஆங்கிலத்தில் எது ஒன்றாகிறது, எது இரண்டாகிறது என்பது விளங்கும். ஆகவே ஆசிரியைகளுக்கு எங்கள் பணிவான விண்ணப்பம்: விதியை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், எங்கள் வீட்டையும் ஊரையும் திருநாளையும் பற்றித் தினம் ஐந்து வாக்கியம் பேச வையுங்கள். பெற்றோருக்கு ஒரு சொல்: மகள் பிழையாகப் பேசினாலும் முழுவதும் பேசி முடிக்க விடுங்கள்; பிறகு திருத்துங்கள்.

தோழியரே, உங்களுக்கும் ஒன்று. தோழி தடுமாறும்போது சிரிக்காமல், சரியான வாக்கியத்தை மெல்லச் சொல்லிக் கொடுங்கள். அது அறிவுக்கு அறிவு, அன்புக்கு அன்பு. இக்கரையில் நம் முன்னோர் அந்நியரின் தடுமாறிய தமிழைப் பொறுமையோடு கேட்டுத் திருத்தினர். அதனால்தான் நமக்குச் செபமும் அச்சுநூலும் கிடைத்தன. அந்தப் பொறுமையை நாம் ஒருவருக்கொருவர் காட்டலாகாதா?