புதனா, வெள்ளியா?

போன வாரம் காலை நிகழ்ச்சியில் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. வயதான நேயர் ஒருவர் அழைத்தார். "தம்பி, நம்ம ஊரு வெயிலே தாங்க முடியலையே, சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிற கிரகத்துல எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"ஐயா, புதன்தான் பக்கத்துல இருக்கு. கிரகங்கள்லயே ரொம்பச் சூடானதும் அதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் புலனத்தில் ஒரு செய்தி. படிவம் இரண்டில் படிக்கும் மாணவி. "அண்ணா, தப்பு. புதன் இல்லை, வெள்ளி."

வானொலியில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. பள்ளிக்குப் போகும் வழியில் காரில் கேட்டுக்கொண்டிருந்த எத்தனை பிள்ளைகள் அதை நம்பியிருப்பார்களோ? அன்று மாலையே உட்கார்ந்து படித்தேன்.

என் பதிலில் பாதி சரிதான். சூரியனை விட்டு விலக விலக ஒளி குறையும். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவரைக் கவனித்திருப்பீர்கள். வீச வீச மாவு விரியும். விரிய விரிய மெலியும். அகலம் இரண்டு மடங்கானால், தடிமன் நான்கில் ஒரு பங்காகிவிடும். சூரிய ஒளியும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

நம் பூமியின் காற்றுமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் வெயில் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் போதும். மற்றவர்களுக்கு எவ்வளவு? நம் வாரநாள்களிலேயே பாதிக் கிரகங்கள் இருப்பதால் நினைவில் வைப்பது எளிது. புதனுக்கு நம்மைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. வெள்ளிக்கு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. செவ்வாய்க்கு நம்மில் பாதிகூட இல்லை, சுமார் 590 வாட். வியாழனுக்கு வெறும் 50. சனிக்கு 15.

வியாழனைச் சுற்றிவர 2011இல் ஏவப்பட்ட ஜூனோ விண்கலத்துக்கு, ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் நீளமுள்ள மூன்று சூரியத் தகடுச் சிறகுகள். பூமிக்கு அருகில் 14,000 வாட் மின்சாரம் தரக்கூடியவை அங்கே தருவது சுமார் 500 வாட்தான். ஒரு சிறிய ரைஸ் குக்கருக்குச் சரியாக இருக்கும்! சனிக்குப் போன காசினி விண்கலம் வெயிலை நம்பவே இல்லை; புளூட்டோனியத்தின் வெப்பத்தில் மின்சாரம் எடுத்தது.

வாரத்தில் இடம் கிடைக்காத நெப்டியூன், நம்மைவிட 30 மடங்கு தொலைவில் இருக்கிறது. வெயில் 900இல் ஒரு பங்கு. கும்மிருட்டு என்று நினைத்தேன். இல்லை. அங்கே நண்பகல் வெளிச்சம், நம் பௌர்ணமி நிலவொளியைவிட நானூறு மடங்கு அதிகம். தாராளமாகப் புத்தகம் படிக்கலாம்.

சரி, மாணவி சொன்ன வெள்ளிக்கு வருவோம். புதனில் பகலில் சுமார் 430 டிகிரி செல்சியஸ்; இரவில் மைனஸ் 180. போர்த்திக்கொள்ளக் காற்று இல்லாததால், வாங்கிய வெப்பத்தை இரவில் இழந்துவிடுகிறது. வெள்ளியிலோ இரவும் பகலும் 460 டிகிரிக்கு மேல். இத்தனைக்கும் தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை அதன் மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் பார்த்தால், வெள்ளி உள்ளே வாங்குவது நம் பூமி வாங்குவதைவிடக் குறைவு! ஆனால் அடர்ந்த கரியமிலவாயுப் போர்வை, உள்ளே வந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை.

பூமிக்கும் போர்வை உண்டு. அது இல்லையென்றால் நம் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். போர்வையால்தான் வாழ்கிறோம். அதைத் தடிமனாக்குவதும் நாம்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் சூரியனை நெருங்கவில்லை. போர்வையைத்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் முதல் வேலையாக என் தவற்றைச் சொன்னேன். அந்த மாணவிக்கு நன்றியும் சொன்னேன். சற்று நேரத்தில் அதே ஐயா மீண்டும் அழைத்தார்.

"அப்போ தம்பி, நம்ம போர்வையைக் கொஞ்சம் மெலிசாக்க முடியாதா?"

இந்த முறை நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பாடலையும் போடவில்லை. "வாங்க, பேசுவோம்" என்று நேயர்களுக்குத் தொலைபேசி இணைப்பைத் திறந்துவிட்டேன்.