பளபளப்பு அப்புறம், பின்பக்கம் முதலில்

கிழக்கேகோட்டையில் அப்பா வீட்டு வாசலில் ஒரு 1989 மாடல் பென்ஸ் நிற்கிறது. 300 எஸ்.இ. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் 1996-ல் அப்பா பழசாக வாங்கியது. கோட்டைக்குள் இருக்கிற சின்னத் தெருவில் அதைத் திருப்புவதற்குள் தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் போனபோது அந்த வண்டியை "புதுசாக்கி"விட்டு வந்தேன். டாஷ்போர்டு மரவேலை, குரோம் பட்டைகள், சீட், கதவு உள்பக்கத் துணி எல்லாம் ஆச்சு. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பி, வந்த பாராட்டையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து போனில் அப்பா சொன்னார்: "டேய், வண்டி பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னால ரெண்டு பேர் உக்காந்தா குந்திடுது. குழியில விழுந்தா கல்லு மாதிரி இடிக்குது. அம்மாவை இப்ப ஆட்டோவிலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சுரீர் என்றது. அம்மாவுக்கு இடுப்பு வலி. அந்த வண்டி வீட்டில் இருப்பதே அவளுக்காகத்தான். நான் செலவழித்ததெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில். அம்மா உட்காருகிற இடத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

இந்த வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் விசேஷமானது. எடை ஏறினால் தானே உயர்ந்து மட்டமாகும். எஞ்சினால் ஓடும் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும். பின்பக்கம் தாழ்ந்தால் ஒரு சின்னக் கம்பி வால்வைத் திறக்கும். எண்ணெய் பின்சக்கரங்களின் ஸ்ட்ரட்டுக்குள் போய் வண்டியைத் தூக்கும். ஷாக் அப்சார்பர் வேலையையும் அந்த ஸ்ட்ரட்டே பார்க்கும். கூடவே இரண்டு உலோக உருண்டைகள். உள்ளே ஒரு சவ்வு, அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். குழியில் விழும்போது மெத்தை மாதிரி அமுங்குவது அந்த நைட்ரஜன்தான். அது கசிந்துபோனால் வண்டி கல். எண்ணெய் கசிந்தால் வண்டி குந்தும். எங்கள் வண்டிக்கு இரண்டும்!

சிட்ரோயன் 1954-லேயே ஒரு காரின் பின்பக்கத்துக்கு இந்த மாதிரி அமைப்பைக் கொடுத்தது. 1965-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோகூட சிட்ரோயனிடம் உரிமம் வாங்கித்தான் செய்தது. ஆக, இது வெறும் ஆடம்பரம் இல்லை, நல்ல யோசனை.

எங்கள் மெக்கானிக்கின் யோசனை வேறு: "எல்லாத்தையும் கழட்டிட்டு சாதா ஷாக் போட்டுடலாம் சாரே." நிறையப் பேர் செய்வது அதைத்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த அமைப்புள்ள வண்டிகளில் சுமையில் ஒரு பங்கை எண்ணெய் தாங்குவதால், ஸ்பிரிங் சாதா மாடலைவிட மெதுவானது. ஷாக்கை மட்டும் மாற்றினால் வண்டி இன்னும் குந்தும். ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் பாதி வேலை செய்கிற பட்டறைகள் உண்டு. இன்னொன்று, இதற்கென்று தனி எண்ணெய். "எல்லாம் எண்ணெய்தானே" என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் போச்சு.

நான் ஒரிஜினல் கட்சி. அப்பா கேட்டார்: "நீ ரிப்பேர் பண்ணிட்டு பிளேன் ஏறிடுவ. அப்புறம் யாருடா பார்க்கிறது?" பதில் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ளதைச் சீர்படுத்தும் நம் எல்லோருக்குமான கேள்வி அது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு பட்டம் அரண்மனை பென்ஸ் தெரிந்திருக்கும். 2013-ல் காலமான உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் 1950-களின் 180 மாடல். கம்பெனியே திரும்பக் கேட்டும் அவர் தரவில்லை என்பார்கள். அதன் அடியில் இருந்தது சாதாரண ஸ்பிரிங்தான். அது நிலைத்ததற்குக் காரணம் மினுக்கு இல்லை. ஓட்டினார்கள், ஓட்டியதால் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து இது. பழைய சொகுசுக் காரைச் சீராக்க நினைத்தால் அடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் சஸ்பென்ஷனும் பிரேக்கும், அடுத்து துரு. கடல் காற்றும் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில் குரோம் பட்டைக்கும் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்கும் பின்னால்தான் துரு குடியிருக்கும். அதைப் பார்க்காமல் பட்டையை மட்டும் பாலிஷ் போடுவது, நான் செய்தது மாதிரி, போட்டோவுக்குத்தான் உதவும். மரவேலையும் சீட்டும் கடைசியில். தானே மட்டமாகும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே இருக்கிற மெக்கானிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு. அதற்கு வழியில்லை என்றால் சரியான ஸ்பிரிங்கோடு சாதாவுக்கு மாறுவது பாவமில்லை. ஓடாமல் நிற்கிற ஒரிஜினலைவிட ஓடுகிற சாதா மேல்.

இந்த முறை உருண்டைகளை வாங்கினேன். வாயு அடைத்த சாமான், பெட்டியில் போட்டு விமானத்தில் எடுத்துப்போகக் கூடாது. முறையாக விவரம் எழுதி சரக்கில் அனுப்பினேன். மெக்கானிக்கும் நானும் இரண்டு நாள் வண்டிக்கு அடியில் கிடந்தோம். வால்வுக் கம்பியைச் சரிபார்ப்பது, எண்ணெய் மட்டம் பார்ப்பது எல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி. எந்த எண்ணெய் என்று மூடியிலேயே மலையாளத்தில் எழுதி ஒட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் பின்சீட்டில் அம்மா, அத்தை, என் பையன். எஞ்சின் ஓட ஓட, தாழ்ந்த பின்பக்கம் மெல்ல எழுந்து நின்றது. பழவங்காடி பிள்ளையார் கோவில் வரை போய் வந்தோம். "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏன், என்ன பண்ணினே?" என்றாள் அம்மா.

போன தடவை வந்த அத்தனை பாராட்டையும்விட இது எனக்குப் பிடித்திருந்தது.