கம்ப்யூட்டர் டேபிள் என்னும் சவப்பெட்டி

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வந்தால் கூடவே கம்ப்யூட்டர் டேபிளும் வரும். கீழே சிபியுவுக்கென்று ஒரு அறை, சிலதில் அதற்குக் கதவு வேறு. பெட்டியை உள்ளே தள்ளி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, பூப்போட்ட உறையையும் மாட்டிவிட்டால் குடும்பத்துக்கே நிம்மதி. தூசி படாதாம்!

ஒரு வருஷம் கழித்து பெட்டி "ங்ங்ங்ங்..." என்று கத்த ஆரம்பிக்கும். அப்பா டேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றாமல், "ஃபேன் போச்சு சாரே... பழைய மாடல் வேற, புதுசு ஒண்ணு எடுத்துருங்க" என்பார். (எல்லாக் கடைகளும் இப்படி இல்லை. திறந்து, துடைத்து, காசு வாங்காமல் அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் புண்ணியவான்கள் குறைவு.) கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் அன்றோடு காலி.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. மதர்போர்டு பிராசஸரின் சூட்டை அளந்துகொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் ஃபேனை வேகமாகச் சுற்ற விடுகிறது. வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அப்படியானால் சத்தம் ஏறியதற்கு சூடு ஏன் ஏறியது என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? மூடின அறைக்குள் பின்னால் வெளியேறுகிற சூடான காற்றையே முன்னால் மறுபடி இழுக்கிறது பெட்டி. அதில் புது ஃபேன் போட்டாலும் அதுவும் கத்தத்தான் செய்யும், புதுசு என்பதால் இன்னும் உற்சாகமாக!

சோதிக்க ஒரு பைசா வேண்டாம். பெட்டியை டேபிளிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அரைமணி நேரம் ஓட விட்டால் போதும். சத்தம் தணிந்தால் குற்றவாளி டேபிள்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் இது நடக்கிற ஊர் தக்கலை. பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். அங்கே மந்திரசாலையின் சாளரங்களில் மரச் சட்டங்களும் வண்ண மைக்காத் தகடுகளும் வைத்து, வெயிலையும் தூசியையும் வெளியே நிறுத்தி உள்ளே குளிர்ச்சியைக் காத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத காலத்து ஆசாரிக்குத் தெரிந்த காற்றோட்டம், இன்றைக்கு டேபிள் செய்து விற்கிறவனுக்குத் தெரியவில்லை.

வெளியே எடுத்தும் கத்தினால் அடுத்தது தூசி. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் தூசி சும்மா படியாது, ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சின்ன பெயிண்ட் பிரஷ்ஷாலோ ப்ளோயராலோ எடுத்துவிடலாம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கண்டபடி சுற்றி பேரிங் கெடும்.

அந்த ஆட்டோ பயணமும் சும்மா இல்லை. 2004-ல் வந்த எல்ஜிஏ 775 காலத்திலிருந்து இன்டெல் கூடத் தருகிற கூலர்கள் பலவும் நாலு பிளாஸ்டிக் கால்களில்தான் நிற்கின்றன. குலுக்கலில் ஒரு கால் கழன்றாலும் ஹீட்சிங்க் பிராசஸரோடு ஒட்டாது. சூடு ஏறும், ஃபேன் அலறும். கழன்ற காலை அமுக்கினாலே பல சமயம் தீர்ந்துவிடும். கழற்றி மாட்ட நேர்ந்தால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு புதிய தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் வைக்க வேண்டும்.

"டக் டக்" என்று அடித்தால் ஏதோ ஒரு ஒயர் இறக்கையில் உரசுகிறது. காலையில் போட்டதும் "கர்ர்ர்" என்று அரைத்து, சூடானதும் அடங்கினால் பேரிங் காய்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்வது சரி, ஃபேனுக்கு வயசாகிவிட்டது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடும். சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், நம்ம ஊர் பாசம்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது, தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபினெட் ஃபேன் என்றால் சில நூறு ரூபாயோடு முடிகிற வேலைதான். அதற்காக கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்வது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டச் சொல்வது மாதிரி.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், ஆளையே அடிக்கும். சத்தம் அதற்குள்ளிருந்து வந்தால் கடைக்கே கொண்டுபோகலாம். ஆனால் போகும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகட்டும், திரும்பி வந்ததும் அந்த டேபிள் கதவைக் கழற்றி விறகுக்குப் போடட்டும்.