‘மூன்றாம் பிறை’ இல்ல, ‘வீடு’

இயக்குநர் பாலு மகேந்திரா 1939இல் பிறந்தது எங்கட அமிர்தகழியில. மாமாங்கத் தீர்த்தத்துக்கு வாற சொந்தக்காரரிட்ட இதைச் சொல்லிப் பெருமைப்படாத ஆக்கள் ஊரில குறைவு. ஆனா அவர்ர என்ன படம் பாத்திருக்கிறீங்க எண்டு கேட்டா, ‘மூன்றாம் பிறை’யோட கதை முடிஞ்சிரும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

இந்த லீவில ‘மூன்றாம் பிறை’யையும் (1982) ‘வீடு’ படத்தையும் (1988) அடுத்தடுத்த இரவுகளில் வீட்டிலிருந்து பார்த்தோம். எங்கள் அபிப்பிராயம்: ஊர் பெருமைப்பட வேண்டியது இரண்டாவதுக்கு.

‘மூன்றாம் பிறை’யில் ஊட்டிப் பக்கத்துப் பனியும், கமல், ஸ்ரீதேவி நடிப்பும் இண்டைக்கும் அழகுதான். ஆனால் நினைவை இழந்து குழந்தையாகிப்போன அந்தப் பெண்ணுக்கு என்ன வேணும் எண்டு படம் கேட்பதில்லை. கடைசியில் நாம் அழுவதும் அவனுக்காகத்தான்.

‘வீடு’ படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டை விட்டு எழும்ப வேண்டி வந்தபிறகு, வேலைக்குப் போகும் சுதா, தாத்தாவுக்கும் தங்கைக்கும் தனக்குமாக ஒரு வீடு கட்ட வெளிக்கிடுகிறாள். கடன், லஞ்சம், சீமெந்தைக் களவாய் விற்கும் கொந்துராத்துக்காரன். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அரைகுறை வீட்டைப் பார்க்க வரும் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், அந்தச் சுவரைத் தொடும்போது ஒருத்தரும் கதைக்கல்ல.

பாதியில வந்து இருந்த அம்மா சொன்னா: “இது படமில்ல புள்ள, நாங்க பட்ட பாடு.”

மட்டக்களப்பில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக் கவலையும் பிறக்கும். அப்பா வெளிநாட்டில் கிடப்பதும், அம்மா சீட்டுக் கட்டுவதும், அண்ணன்மாரின் கலியாணம் தள்ளிப்போவதும் சீதன வீட்டுக்காகத்தான். சின்ன வயதில் தன் தாய் வீடு கட்டப் பட்ட பாடுதான் இந்தப் படத்தின் வேர் என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். சென்னையில் எடுத்த படத்தில் எங்கட பக்கத்து மணலும் ஒட்டியிருக்கு.

ஒரு வித்தியாசம். காதலன் கோபி சுதாவோடு ஓடித்திரிகிறான். ஆனால் அந்த வீடு அவனைக் கட்டுறதுக்கான விலை இல்லை. எங்கட ஊரில் உறுதி பெண்ணின் பேரில்தான் எழுதப்படும். கட்டுறது மாப்பிள்ளை வாறதுக்காக.

படம் முடிய எங்களில் சின்னவள் கேட்டாள்: “எனக்குக் கட்டுற காசில என்னைப் படிக்க விடுவீங்களா?” அம்மா பதில் சொல்லல்ல. ஆனா எழும்பிப் போகவும் இல்ல. நாலு பேரும் விடிய ஒரு மணிவரை கதைச்சோம். அதுவரைக்கும் எங்கட வீட்டில இந்தக் கதையை ஒருத்தரும் எடுத்ததில்லை.

பாலு மகேந்திரா எங்கட ஊராள் எண்டு அடுத்த முறை சொல்லுறதுக்கு முதல், அம்மாமாரோட இருந்து ‘வீடு’ பாருங்க.