செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் நாம்

பெற்றோரே,

போன தீபாவளிக்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் விருந்து. முறுக்குத் தட்டைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் கூடத்தின் நடுவில் வந்து நின்றான். கையில் அடிக்கோல். சித்தப்பா மகனின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான், அடிக்கோலைக் கழுத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தான். பிறகு ரத்தம் தெறித்ததுபோல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடந்து போனான். நடை, பார்வை, தலைச் சாய்வு எல்லாம் சினிமாக் கதாநாயகனின் அச்சு அசல்.

நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். "இன்னொரு தடவை செய்டா கண்ணு" என்று கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தோம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு ஐந்து வயது. உதடு துடித்துக்கொண்டிருந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் அக்கறை இல்லாதவர்களா? இல்லவே இல்லை. சௌராஸ்தா சந்தையில் ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்க எத்தனை பாடு படுகிறோம்! செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறோம், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், வயிற்றை அழுத்திப் பார்க்கிறோம். டியூஷனில் சேர்க்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளையின் வயிற்றுக்குப் போவதற்கு இவ்வளவு சோதனை. மனசுக்குள் போவதற்கு? ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் 16 என்றோ 18 என்றோ போட்டிருப்பதை வாசிக்கக்கூட நேரம் ஒதுக்குவதில்லை.

அப்படியானால் பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? திரையைத் திறந்ததும் முதல் வரிசையில் வந்து நிற்கும் படம். அதைவிட்டால், ஒரு பாகம் முடிந்த சில விநாடிகளில் தானாக ஓடத் தொடங்கும் அடுத்த பாகம். அந்த வரிசையை அடுக்கியவர்களுக்கு உங்கள் மகளின் வயது ஓர் எண் மட்டும்தான். அவள் இருட்டுக்குப் பயப்படுவாள் என்பது அவர்களுக்குத் தெரியுமா? அவளுடைய பாட்டி சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்பது தெரியுமா? உங்களுக்குத் தெரியும். எனவே தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான்.

பெரிய நட்சத்திரங்களின் படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் வேண்டும்தான். மூன்று வேளையும் பலகாரமே போட்டால் பிள்ளை என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

வேறு என்ன காட்டலாம்? முதலில் நம் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். "ஜகாட்" என்று ஒரு படம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. 2015 டிசம்பரில், ஊரே ஸ்டார் வார்ஸுக்கு வரிசையில் நின்ற அதே வாரத்தில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வாங்கியது. நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? கபாலிக்கு விடியற்காலைக் காட்சிக்கு ஓடிய நாம், இதன் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

ஜகாட்டில் வரும் அப்போய்க்குப் பன்னிரண்டு வயது. காலம் 1990களின் தொடக்கம். தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பட்டணத்து ஓரப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்ட நேரம். அப்பா மணியம் உழைத்துக் களைத்தவர். மகன் படித்து முன்னேற வேண்டும் என்ற வெறியில் அவனை அடிக்கிறார். பையனின் தலைக்குள்ளோ ஆயிரம் கற்பனை. வீட்டிலும் பள்ளியிலும் அதற்கு இடம் இல்லை. கடைசியில் அவனைத் தோளில் கைபோட்டுக் கூப்பிடுவது குண்டர் கும்பல். மலாய்ச் சொல்லும் ஹொக்கியன் சொல்லும் கலந்து நாம் வீட்டில் பேசுகிற அதே தமிழைத் திரையில் கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வசவும் அடிதடியும் உண்டு. அதனால் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும் பாருங்கள், கட்டாயம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உண்மையில் அந்தப் படம் நமக்காக எடுத்தது. பிரம்பைக் கையில் எடுப்பதற்கு முன் ஒவ்வோர் அப்பாவும் பார்க்க வேண்டியது.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம் குளுகோரில் கம்போங் புவா பாலா இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்பம். 2009இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அன்று செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு கொதித்தோம். இன்று அந்த வழியாகக் காரில் போகும்போது, பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே என்ன இருந்தது என்று சொல்கிறோமா? சொல்ல வார்த்தை வரவில்லை என்றால், வார்த்தைக்கு வழி திறந்துவிட ஒரு படம் போதும்.

தீபக் குமரன் மேனனின் "செம்மண் சாலை" (2005) அப்படி வழி திறக்கும் இன்னொரு படம். 1960களின் ரப்பர் தோட்டத்தில், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. அவரே 2007இல் எடுத்த "சலங்கை", பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு தாயின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறது. பரதம் கற்க ஏங்கும் மகள் அங்கே இருக்கிறாள். இந்தப் படங்களில் சண்டை இல்லை, பறக்கும் கார் இல்லை. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் உங்கள் அத்தையும் பெரியம்மாவும் திரையில் நடமாடுவதைக் காண்பீர்கள்.

பள்ளியில் பிள்ளைகள் மலாய் படிக்கிறார்கள். மலாய்ப் படம் பார்க்க வைத்திருக்கிறோமா? பி. ரம்லி 1929இல் இதே பினாங்கில் பிறந்தவர். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய படத்தின் பெயர் "பக்தி" (1950). இயக்கியவர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். மலாய்ச் சினிமாவுக்கு அடித்தளம் போட்ட கைகளில் நம் கையும் உண்டு என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், அது எப்படி நிமிர்கிறது என்று தெரியும். ரம்லி முதன்முதலாக இயக்கிய "பெனாரெக் பேச்சா" (1955) ஏழை ரிக்‌ஷாக்காரனின் கதை. சனிக்கிழமை இரவு அதைப் பாருங்கள். ஞாயிறு காலை ஜாலான் பி. ரம்லிக்குப் போய், அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படும் அவர் பிறந்த வீட்டைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் லெபோ பினாங்கில் ஒரு தேநீர். பேரங்காடியில் இழுபட்டு நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைவிட இது எவ்வளவோ மேல்.

பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் யாஸ்மின் அகமதுவின் "டேலன்டைம்" (2009) பாருங்கள். காது கேளாத இந்திய இளைஞன் ஒருவனுக்கும் மேலூர் என்ற பெண்ணுக்கும் மலரும் அன்பை, ஒரு பள்ளிப் பாட்டுப் போட்டியைச் சுற்றிச் சொல்கிறது. மதம், இனம் பற்றி நம் கூடத்தில் பேசத் தயங்குவதையெல்லாம் அது மென்மையாகப் பேசிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் படங்களிலும் தோண்டி எடுக்க வேண்டியவை நிறைய. சின்னப் பிள்ளைகளுக்குச் சந்தோஷ் சிவனின் "மல்லி". பேசாத, கேளாத தோழிக்காக ஒரு நீலமணியைத் தேடிக் காட்டுக்குள் போகும் சிறுமி அவள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு மணிகண்டனின் "கடைசி விவசாயி". முதியவர் நல்லாண்டி நடிக்காமல் வாழ்ந்துவிட்டுப் போன படம். பாலு மகேந்திராவின் "வீடு" (1988) வீட்டுக் கடன் என்றால் என்னவென்று பிள்ளைக்குப் புரியவைக்கும். நாம் மாதா மாதம் கட்டும் தவணையின் பின்னால் எத்தனை மூச்சு இருக்கிறது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். வினோத்ராஜின் "கூழாங்கல்" 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. குடிகார அப்பாவின் பின்னால் வெயிலில் நடக்கும் சிறுவனின் மௌனம் எழுபத்தைந்து நிமிடம். தண்ணி போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் ஆண்கள் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் பார்க்கும் தைரியம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"எங்கே நேரம்? இரண்டரை மணி நேரம் யாரால் உட்கார முடியும்?" இது முதல் சாக்கு. கூழாங்கல்லின் நீளத்தை மேலே சொன்னேன். அதுவும் முடியாதென்றால் பாலு மகேந்திராவின் "கதை நேரம்" இருக்கிறது. தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்து, சன் டிவிக்காக அவர் செய்த 52 குறும்படங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடியும். மாலனின் "தப்புக் கணக்கு" அதில் ஒன்று, ஒரு குழந்தையின் பள்ளிக் கணக்கைச் சுற்றி நடப்பது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பார்க்கிற பிள்ளைகளுக்கு ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் தொடராக்கிய "மால்குடி டேஸ்". வன்முறைத் தொடரின் எட்டுப் பாகத்தை ஒரே இரவில் முடிக்க நேரம் இருக்கும் வீட்டில் இதற்கு இருக்காதா?

"பிள்ளைக்குப் போரடிக்கும்" என்பது இரண்டாவது சாக்கு. கேட்டுப் பார்த்தீர்களா? போரடிப்பது பல நேரம் நமக்குத்தான். சென்ற பள்ளி விடுமுறையில் அந்த அடிக்கோல் பையனையும் அவன் தாத்தாவையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். கமலக்கண்ணன் இயக்கிய "குரங்கு பெடல்" (2024) போட்டேன். வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழக ஆசைப்படும் கிராமத்துச் சிறுவன், சைக்கிளே ஓட்டத் தெரியாத அப்பா. முதல் கால் மணி நேரம் பையன் சோபாவில் நெளிந்தான். கைப்பேசியைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. பிறகு எப்போது அமைதியானான் என்று எனக்கே தெரியவில்லை.

படம் முடிந்ததும் கேட்டான்: "தாத்தா, குரங்கு பெடல்னா நெசமாவே உண்டா?"

தாத்தா எழுந்தார். வாசல் நடைபாதையில் பக்கத்து வீட்டுப் பழைய ஆண்பிள்ளை சைக்கிள் ஒன்று சாத்தியிருந்தது. எழுபது வயதுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, பெடலில் பாதம் வைத்துக் காட்டினார். "தோட்டத்துல மண்டோர் சைக்கிள் இது மாதிரி. அவரு சாப்பிடப் போற நேரம் பாத்து எடுத்துருவோம்" என்றார். பையன் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான். "லயம்னா என்ன தாத்தா? மண்டோர்னா யாரு?" கேள்வி மேல் கேள்வி. இருட்டும் வரை அந்த நடைபாதையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் தாத்தாவும் பேரனும். அதற்கு முன் அவர்கள் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "டிவிய மெதுவா வை" அவ்வளவுதான் என்று அவன் அம்மா பிறகு சொன்னாள்.

பையனிடம் தவறில்லை, பெற்றோரே. எதைக் காட்டினாலும் அச்சு அசலாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அவன். அன்று கழுத்தறுப்பைப் பிடித்தான், இன்று காலை நுழைத்து மிதிக்கப் பழகுகிறான். எதைக் காட்டினோம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி வழிமுறை. ஒவ்வொரு வாரமும் ஒரு படம் போதும். முடிந்தால் முந்திய நாள் நீங்கள் தனியே பார்த்துவிடுங்கள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல. எந்தத் தளத்தில் எந்தப் படம் இருக்கும் என்பது அடிக்கடி மாறும். தேடலில் பெயரைத் தட்டிப் பாருங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை அமைப்பில் போய் நிறுத்தி வையுங்கள். எல்லாருடைய கைப்பேசியும் கூடத்துக்கு வெளியே இருக்கட்டும், முதலில் உங்களுடையது. தாத்தா பாட்டி இருந்தால் நடுவில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் "என்ன கத்துக்கிட்ட?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "எந்த இடம் புடிச்சது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் தானாக வரும். அன்றைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் வரும்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். குரங்கு பெடலோ மல்லியோ, ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உட்கார்ந்தால் மட்டும் போதாது, கடைசிவரை எழுந்து போகாதீர்கள்.